கொள்ளிடம் ஏன் தனியாகப் போகிறது

அந்தக் காலத்தில் ஆறுகளுக்குப் பேச வந்தது. இன்றைக்குச் சலசலப்பு என்று சொல்லிவிடுகிறோமே, அதெல்லாம் அப்போது தெளிவான பேச்சு. அவற்றுக்குள் ஒரு வழக்கமும் இருந்தது. சின்ன ஆறு பெரிய ஆற்றில் சேரும்போது தன் பெயரைச் சேருமிடத்திலேயே விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு பெரிய ஆற்றின் பெயர்தான் அதற்கும் பெயர்.

குடகு மலையிலிருந்து இறங்கி வந்த காவேரியிடம் பவானி வந்து சேர்ந்தாள். பிறகு நொய்யல். கரூரைத் தாண்டியதும் அமராவதி. மூவரும் கொங்கு நாட்டைக் கடந்து வந்தவர்கள், மரியாதை தெரிந்தவர்கள். "ஏனுங்கக்கா, உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நுழைந்தார்கள். வழக்கப்படி பெயரையும் விட்டுவிட்டார்கள்.

காவேரிக்கு அந்த மரியாதையே பிடிக்கவில்லை. காரியம் இல்லாமல் யாராவது இப்படிக் குழைவார்களா? அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. "யார் வருவது?" என்று கடல் கேட்கும்போது, இரு கரையும் தளும்ப நின்று "காவேரி" என்று சொல்ல வேண்டும். அந்தப் பெயரை வழியிலேயே எவளாவது தட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்ற பயம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

அமராவதி சேர்ந்த பிறகு உள்ளுக்குள் குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது. காவேரி காதைத் தீட்டிக்கொண்டாள். "அக்காவுக்குத் தெரிய வேண்டாமுங்க" என்பது மட்டும் விழுந்தது. போதாதா?

முசிறிப் பக்கம் பரிசல் ஓட்டிக்கொண்டிருந்த மருதாண்டியைப் பிடித்தாள்.

"நாள் பூரா எம்மேலதான மெதக்குற. இவளுங்க என்ன பேசிக்கிறாளுங்க?"

"தப்பா ஒண்ணுமில்ல தாயி. கீழ இருக்குற வயலுக்கெல்லாம் தண்ணி குடுத்துக் குடுத்து நீ எளச்சுப் போயிருவியாம். அப்ப எல்லாருமாச் சேந்து உன்னத் தாங்கிக் கடல் வரைக்கும் கொண்டு போகணுமாம். சொன்னா நீ ரோசப்படுவன்னு மறைக்கிறாங்க."

"இப்பிடிச் சொல்லச் சொல்லி உனக்கு என்ன குடுத்தாளுங்க?"

மருதாண்டிக்கு முகம் சுண்டிப்போயிற்று. பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையேறிவிட்டான்.

காவேரி தானே விசாரணையில் இறங்கினாள். ஓர் அலையை நிறுத்தி, "உம் பேரு என்ன?" என்றாள்.

"காவேரிங்க."

அடுத்ததைக் கேட்டாள். "காவேரிங்க." குடகிலிருந்து கூடவே வந்த அலையும் அதையேதான் சொன்னது; அதையும் அவள் நம்பவில்லை. வழக்கப்படி அது ஒன்றுதான் சரியான பதில். ஆனால் காவேரியின் புத்தியில் அது வேறுவிதமாக ஏறியது. ஒருத்தி பாக்கியில்லாமல் என் பெயரைத் திருடிவிட்டார்களே என்று கொதித்துப்போனாள்.

இன்று முக்கொம்பு என்கிறோமே, அந்த இடத்தில் மணலை வாரி வாரி நடுவில் மேடு போட்டாள்.

"வடக்கால நிக்கிறவளுங்க அப்பிடியே போங்க. இனிமே எங்கூட வர வேண்டாம்."

மோரில் விட்ட தண்ணீரை யார் பிரிக்க முடியும்? பவானியில் பாதி, நொய்யலில் பாதி, அமராவதியில் பாதி, அவளோடு குடகில் பிறந்த நீரிலும் பாதி வடக்கே போனது. அழுதுகொண்டேதான் போனது. அதைத்தான் கொள்ளிடம் என்கிறோம்.

மிச்சமிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அடுத்தது நாம்தானோ என்று ஒவ்வொரு அலையும் பக்கத்து அலையை ஓரக்கண்ணால் பார்த்தது. ஸ்ரீரங்கத்தைத் தாண்டுவதற்குள் காவேரிக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. அந்தக் குசுகுசுப்பாவது இருந்திருக்கலாம் என்று ஏங்கினாள்.

இன்று கல்லணை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஆறுகளும் மறுபடி நெருங்கி வந்தன. நடுவே ஒல்லியாக ஒரு மண்திட்டு, அவ்வளவுதான்.

"அடியே, அந்தப் பக்கம் இருக்கீங்களா?" என்று காவேரி கூப்பிட்டாள்.

"யாருங்க அது?"

"நான்தான், காவேரி."

கொள்ளிடம் சொன்னது: "நாங்களும் அதையேதானுங்க சொன்னோம்."

திட்டைக் கரைக்க நீட்டிய கையைக் காவேரி இழுத்துக்கொண்டாள். கொள்ளிடம் வடகிழக்கே திரும்பிப் போய்விட்டது.

அதன் பிறகு வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, வயல் வயலாக ஊற்றி, பூம்புகாருக்குக் காவேரி வந்து சேர்ந்தபோது ஒரு வாய்க்கால் அளவுதான் இருந்தாள். தாங்கிக்கொள்ள யாரும் இல்லை. "யார் வருவது?" என்று கடல் கேட்டது. அவள் சொன்ன பெயர் அலைச் சத்தத்தில் கேட்கவே இல்லை.

அன்று முதல்தான் காவேரி மெலிந்தும் கொள்ளிடம் அகன்றும் தனித்தனியே கடலுக்குப் போகின்றன. வெள்ளம் வந்து தாங்க முடியாமல் போகும்போது மட்டும் காவேரி தன் தண்ணீரை வடக்கே தள்ளுகிறாள், கொள்ளிடமும் பெயர் கேட்காமல் வாங்கிக்கொள்கிறது.