சிகப்பாயியின் கையில் சாவி

கதிரேசன் இருபத்தாறு வருடம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பார்த்தவர். ஐம்பத்திரண்டு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, தன்னைவிடப் பத்து வயது இளையவரான விஞ்ஞானி எஸ்தரிடம் மாணவராகச் சேர்ந்தார். நிலக்கரிப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, பூமிக்குள் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே பாறையில் அடைத்துவைப்பது எஸ்தரின் ஆராய்ச்சி.

அதற்காகக் கிணறு இறக்கிய ஊர் மாவிலங்கைப்பட்டி. ஊர்க்கூட்டத்தில் ஆடு வளர்க்கும் சிகப்பாயி எழுந்தார். வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை என்கிறீர்கள், உள்ளே விட்டது மேலே வந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

கருவி இருக்கிறது, நாங்கள் பார்த்துச் சொல்வோம் என்றார் கதிரேசன்.

"நீங்க எங்கய்யா இருப்பீங்க?"

கதிரேசன் சென்னையில் இருப்பார். உட்கார்ந்துவிட்டார்.

மறுவாரம் எஸ்தர், கிணற்று வேலிக்குள் இருந்த அழுத்தமானியை எடுத்து, கிணற்றிலிருந்து குழாய் இழுத்து, ஊர்த் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பொருத்தச் செய்தார். நான்கு நாள் கூடவே உட்கார்ந்து அதைப் பார்க்கச் சிகப்பாயிக்குக் கற்றுக்கொடுத்தார். உள்ளே அழுத்தம் மிஞ்சினால் பாறை விரிசல் விட்டு வாயு மேலே வரலாம்; அதனால் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால், வாயுவை உள்ளே தள்ளும் பம்பை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தும் பெட்டியின் சாவியையும் அவரிடமே கொடுத்தார்.

மூன்றாம் மாதம் முள் கோட்டைத் தாண்டியது. சிகப்பாயி பம்பை நிறுத்திவிட்டார்.

பதினோரு நாள் அது ஓடவில்லை. பிரித்தெடுத்த வாயுவெல்லாம் பழையபடி வானத்துக்கே போயிற்று. கிணற்றைச் சுற்றி அங்குலம் அங்குலமாகச் சோதித்தார்கள். எங்கும் கசிவில்லை. பழுதாகியிருந்தது அழுத்தமானிதான். விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது.

எஸ்தர் புது அழுத்தமானி ஒன்றைக் கொண்டுபோய் மாட்டினார். சிகப்பாயி தலையைக் குனிந்துகொண்டு சாவியை நீட்டினார். எஸ்தர் அதை வாங்கிக்கொள்ளாமல் ஆடுகளைப் பற்றி விசாரித்துவிட்டு வந்து ஜீப்பில் ஏறினார்.

பாதி வழியில் கதிரேசன் கேட்டார்.

"இன்னொரு தடவை வீணா நிறுத்திட்டாங்கன்னா, மேடம்?"

"நிறுத்தட்டும், சார்."

"மேலிடத்துல மொத்தத்தையும் இழுத்து மூடிடுவாங்க. உங்க ஆறு வருஷ உழைப்பு."

எஸ்தர் அவர் பக்கம் திரும்பினார்.

"அந்தம்மா நிறுத்திட்டாங்கன்னு போன் வந்துச்சில்ல, அன்னைக்குத்தான் சார் ஆறு வருஷத்துல நான் நிம்மதியாத் தூங்கினேன்."