நாலாம் நாள் குடம்

பனிமொட்டு ஊர்ப் பெண்கள் வெறுங்குடங்களோடு ஊற்றுக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். எதிரே மூங்கில் குழாய்களைத் தூக்கிக்கொண்டு தளவாய் வீரமுத்தரின் ஆட்கள். யாரும் யாரையும் தொடவில்லை. யாரும் நகரவும் இல்லை. மூன்று நாளாக இதே கதைதான்.

விஷயம் ரொம்பச் சின்னது. கீழ்நாட்டு வெயில் தாங்காமல் ராஜா கொற்றமாறன் மலை உச்சியில் ஒரு கோடை மாளிகை கட்டினார். ராஜா போனால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பெரிய மனிதர்கள் எல்லாம் காற்று வாங்கக் கூட்டம் கூட்டமாக ஏறி வந்தார்கள். காற்று வாங்கியவர்களுக்கு நீச்சலடிக்க ஆசை வந்தது. தளவாய் உடனே நூறு பேர் நீந்துகிற மாதிரி ஒரு குளம் வெட்டினார். தண்ணீருக்கு எங்கே போவது என்று வெட்டி முடித்த பிறகுதான் யோசித்தார். அந்த மலைக்கு ஒரே ஊற்று. கோடையில் அது கட்டைவிரல் தடிமனுக்குத்தான் ஒழுகும். அதையும் குளத்துக்குத் திருப்பிவிட்டால் பனிமொட்டின் நாற்பது வீடும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ராஜா தலைநகரிலிருந்து உலகநம்பியை வரவழைத்தார். அவையில் வாயால் பிழைக்கிறவன் அவன். தொப்பையோடு மலை ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"நாளைக்குள் ஊர்க்காரர்கள் தாங்களாகவே மனம் ஒப்பி எனக்குத் தண்ணீர் தர வேண்டும்," என்றார் ராஜா. "ஒருத்தர் மேலும் கை படக் கூடாது. இந்த மலையே என்னுடையது, இதில் எனக்கு இல்லாத தண்ணீரா? முடியாவிட்டால் இனிமேல் அவைப்பக்கம் வராதே."

பக்கத்தில் நின்ற தளவாய் மீசைக்குள் சிரித்தார். யோசனையே அவருடையதுதான். நம்பியைக் கழற்றிவிட எத்தனை நாள் காத்திருந்தாரோ.

நம்பி ஊற்றுக்குப் போனான். யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பவள் சீரங்காயி. மெலிந்த உடம்பு, கனத்த குரல். நம்பியைப் பார்த்ததும், ராஜா குழாயை விட்டுவிட்டு இப்போது தொப்பையை அனுப்பியிருக்கிறாரா என்று கேட்டாள். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நம்பியும் சிரித்தான். பிறகு அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்து, வெளியூர்க்காரன் தண்ணீர் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று விசாரித்தான்.

சீரங்காயி சொன்னாள். வந்தவன் மூன்று நாள் விருந்தாளி. அவன் கால் கழுவுகிற தண்ணீரைக்கூட ஊரே சுமந்து கொடுக்கும். நாலாம் நாள் கிளம்பிவிட வேண்டும். கிளம்பாவிட்டால் அவன் இந்த ஊர்க்காரன். அவன் கையில் ஒரு குடம் கொடுத்து முறையில் சேர்த்துவிடுவார்கள். இதுவரை யாருக்கும் இல்லையென்று சொன்னது கிடையாது.

"ராஜா வந்து எத்தனை நாள் ஆச்சு?"

"இன்னிக்குப் பதினொண்ணு."

"அப்புறம் ஏன் அவருக்கு இன்னும் குடம் தரலை, தாயி?"

சீரங்காயி அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் எழுந்து குடம் தேடப் போனாள்.

நம்பி மாளிகைக்குத் திரும்பினான். ஊர் சம்மதித்துவிட்டது, சந்தோஷமாகவே சம்மதித்தது, நாளைக் காலையில் தண்ணீர் என்று சொன்னான். ராஜா பூரித்துப்போனார். தளவாய்க்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை சீரங்காயி நேராக மாளிகைக்குள் வந்து ராஜாவின் காலடியில் ஒரு மண்குடத்தை வைத்தாள்.

"அய்யா, உன் முறை வந்திருச்சு. எந்திரிச்சு வா."

தளவாய் வாளில் கை வைத்தார். ராஜா நம்பியைப் பார்த்தார்.

"என்னடா இது?"

"தண்ணீர்தான் பிரபு. நீங்கள் கேட்டபடி மனம் ஒப்பித் தருகிறார்கள். வீட்டுக்கு ஒரு குடம், நாற்பத்தோராவது முறை உங்களுடையது."

"நான் குடம் தூக்குவதா?"

"வேண்டாம் பிரபு. அப்படியானால் நீங்கள் விருந்தாளி. விருந்தாளிக்கு மூன்று நாள்தான், இன்று பன்னிரண்டாம் நாள். மூட்டை கட்டச் சொல்லவா? இல்லை, மலை உங்களுடையதுதான் என்றால் குடமும் உங்களுடையதுதான்."

மாளிகை முழுக்க விருந்தாளிகள். பதினொரு நாளாக அவர்களிடம் என் மலை, என் மலை என்று பேசியிருக்கிறார். வேறு வழியில்லை. ராஜா குடத்தை எடுத்தார்.

ஊற்றில் வரிசை நீளம். முன்னால் நின்ற பெண் தன் மாமியாரைப் பற்றி அவரிடம் குறைபட்டுக்கொண்டாள். ராஜாவும் வேறு வேலை இல்லாமல் கேட்டார். வெயில் ஏறின பிறகுதான் குடம் நிறைந்தது. தோளில் வைத்துக்கொண்டு செங்குத்துப் பாதையில் ஏறினார். இரண்டு இடத்தில் வழுக்கியது. வந்து குளத்தில் கவிழ்த்தபோது குடத்தில் பாதிதான் மிச்சம். அந்தப் பாதியும் கல்லில் பட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துபோனது.

ராஜா குளத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நம்பி, இது நிரம்ப எத்தனை நாள் ஆகும்?"

"நாள் தெரியாது பிரபு. ஆனால் முதலில் நீந்தப்போவது உங்கள் பேரன். அவருக்கும் அப்போது பல் இருக்காது."

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோள்வலியோடு சிரித்தார். குழாய்களை அவிழ்க்கச் சொன்னார். குளம் மழைத்தண்ணீருக்கு, அதுவும் ஊருக்கு. இனி மலைக்கு வருகிறவன் எவனாக இருந்தாலும் மூன்று நாள், மீறினால் குடம். அடுத்த நாளே விருந்தாளிகள் பாதிப்பேருக்குச் சொந்த ஊரில் அவசர வேலை வந்துவிட்டது. மீதிப் பேரைத் தளவாயே தலைமேல் குடத்தோடு வரிசையில் நிறுத்தினார். ராஜாவின் உத்தரவு, தளவாயும் வரிசையில்தான்.

ராஜா கீழ்நாட்டுக்குக் கிளம்பும்போது நம்பிக்கு மாளிகைச் சாவியைப் பரிசாகக் கொடுத்தார். பட்டு மெத்தை, தேன், பலாச்சுளை, குளிர்காற்று, எல்லாம் உனக்குத்தான், ஒரு மாதம் இங்கேயே சுகமாகத் தங்கிவிட்டு வா என்று உத்தரவு போட்டார். நம்பியும் குனிந்து வாங்கிக்கொண்டான்.

அவன் மலை ஏறி வந்த நாலாம் நாள் காலையில் சீரங்காயி ஒரு புதுக்குடத்தோடு மாளிகைக் கதவைத் தட்டினாள். சாவி கதவிலேயே தொங்கியது. நம்பி அதற்குள் பாதி மலை இறங்கியிருந்தான்.