செவலைக்கு ஒரு பதவி

வெண்கரட்டூர் மன்னர் கொண்டலராயருக்குப் புதுச் சொல் ஒன்று காதில் விழுந்தால் போதும், அன்று தூக்கம் வராது. அந்த வருஷம் விழுந்த சொல் 'யந்திராதிபதி'.

அதைக் காதில் போட்டவர் பிரதானி அனந்தையர். அவருடைய மாப்பிள்ளை வைகுந்தன் துறைமுகப் பட்டணத்தில் சில காலம் தங்கிவிட்டுத் திரும்பியிருந்தான். அங்கே என்ன படித்தான் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் 'யந்திராதிபதி' என்ற பட்டத்தோடும், அதற்கு ஏற்ற தலைப்பாகையோடும் வந்து இறங்கினான். மாமனார் சும்மா இருப்பாரா?

"மன்னா, பெரிய தேசங்களில் யந்திராதிபதி இல்லாத கடையே கிடையாதாம். நம் அரண்மனைக்குச் சரக்குத் தருகிறவர்கள் அப்படி ஒருவரை வைத்தே ஆகவேண்டும் என்று ஆணையிடுங்கள்" என்றார்.

மன்னர் ஆணையிட்டுவிட்டார். முதல் அடி பவளாயி மேல் விழுந்தது.

பவளாயி அரண்மனை விளக்குகளுக்கு எண்ணெய் ஆட்டித் தருகிறவள். அவளிடம் இருந்தது ஒரு செக்கு, ஒரு செவலைக் காளை, ஒரு கணவன். மூன்றில் கணவன் மட்டும்தான் அடிக்கடி நின்றுவிடுவான்.

வைகுந்தன் பல்லக்கில் வந்து இறங்கினான். எண்ணெய் படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செக்கை ஒருமுறை பார்த்தான்.

"பாவம், இப்படியே விட்டால் உன் தொழில் அழிந்துவிடும். நான் பொறுப்பேற்கிறேன். எனக்கு ஒரு வீடு, இந்தப் பல்லக்கு, கீழே ஆறு பேர் வேண்டும்."

"உலக்கை அப்பப்போ சிக்கிக்குதுங்க. அதைச் சரி பண்ணித் தருவீங்களா?"

"நான் யந்திரத்தைத் தொடமாட்டேன். தொடுகிறவர்களை ஆள்வேன்."

அவன் கேட்டதைக் கொடுக்க வேண்டுமானால் காளையை விற்க வேண்டும். கொடுக்காவிட்டால் அரண்மனை எண்ணெய் கைவிட்டுப் போகும். பவளாயி அன்றே கிளம்பினாள். அவையில் மன்னரையே மடக்கிப் பேசக்கூடிய ஒரே ஆளான மாசிலாமணியைத் தேடிப் போனாள்.

"ஒருவேளை அவர் சொல்றது நிசமாயிருக்குமோங்க? எனக்குத்தான் விளங்கலையோ?" என்று கேட்டாள்.

"செக்கு பழுதானால் என்ன செய்வீங்க?"

"தச்சரைக் கூப்பிடுவேன். அரை நாள்ல முடிச்சிட்டுப் போயிடுவாரு."

"அப்போ உங்களுக்கு வேண்டியது அரை நாள் தச்சர். முழு நாள் தலைப்பாகை இல்லை. நாளைக்கு அவைக்கு வாங்கம்மா. நான் கேட்கிறதுக்கு உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்."

மறுநாள் அவை கூடியது. மாசிலாமணி எழுந்தார்.

"மன்னா, பவளாயி தங்கள் ஆணைக்குக் கட்டுப்பட்டவள். ஆனால் ஆளை வைப்பதற்கு முன், அவர் என்ன வேலை செய்வார் என்று தெரிந்துகொள்ளலாம் அல்லவா?"

"கேளும்" என்றார் மன்னர்.

வைகுந்தன் மார்பை நிமிர்த்தினான். "தொழிலை நானே முன்னால் நின்று இழுத்துச் செல்வேன்!"

மாசிலாமணி திரும்பினார். "பவளாயி, உங்கள் செக்கில் அதற்கு ஆள் இருக்கிறதா?"

"இருக்குங்க."

வைகுந்தனுக்குச் சற்றே எரிச்சல். "முழுச் சுமையும் என் தோளில்தான்!"

"அதற்கு?"

"அதுக்கும் இருக்குங்க."

"என் பாதையைத் தவிர அக்கம்பக்கம் எதுவும் என் கண்ணில் படாது!"

"கண்ணைக் கட்டித்தான் விட்டிருக்கோமுங்க."

அவையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வைகுந்தன் குரலை உயர்த்தினான். "நான் நகர்ந்தால்தான் எல்லாமே சுழலும்! நான் நின்றால் எல்லாம் நின்றுவிடும்!"

"நெசந்தானுங்க. ஈ கடிச்சா நின்னுடும்" என்றாள் பவளாயி.

மன்னருக்குப் பொறுக்கவில்லை. "யாரம்மா அந்த ஆள்?"

"ஆள் இல்லீங்க மகாராசா. எங்க செவலைக் காளை."

மாசிலாமணி கைகூப்பினார். "மன்னா, யந்திராதிபதி செய்யும் வேலைகளை அவர் வாயாலேயே கேட்டீர்கள். பவளாயி தங்கள் ஆணையை மீறவே இல்லை. அந்தப் பதவியில் ஏற்கனவே ஒருவர் இருக்கிறார். பல்லக்கு கேட்பதில்லை. பருத்திக்கொட்டையும் வைக்கோலும் போட்டால் போதும்."

"ஒற்றைச் செக்கு வைத்திருப்பவருக்கு இது சரி. நூறு செக்கு வைத்திருந்தால்?" என்று மன்னர் கேட்டார். கேள்வியில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

"அப்போது ஒருவரை வைக்கலாம் மன்னா. ஆனால் செக்கைத் தொடுகிறவராகப் பார்த்து வைக்க வேண்டும். பல் வலித்தால் வைத்தியரைக் கூப்பிடுகிறோம். வாயில் பல் இருக்கிறது என்பதற்காக ஒரு மந்திரியை நியமிப்பதில்லையே."

அனந்தையர் முகம் சிவக்க எழுந்தார். "என் மாப்பிள்ளையை மாட்டோடு ஒப்பிடுவதா! அவர் நாள் முழுக்க உட்கார்ந்து தொழிலைப் பற்றி யோசிப்பார். எல்லாவற்றையும் மனத்தில் அசைபோட்டுப் பார்ப்பார். மாடு அதைச் செய்யுமா?"

"அசைபோடும் பிரதானி அவர்களே, நன்றாகவே அசைபோடும்" என்றார் மாசிலாமணி. "ஆனால் வேலை முடிந்த பிறகு!"

கொண்டலராயர் சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது. ஆணையை அங்கேயே ரத்து செய்தார். அரண்மனை விளக்குகளுக்கு எண்ணெய் தரும் வேலை பவளாயிக்கு ஆயுள் முழுக்க உறுதியானது. மாசிலாமணிக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. செவலைக்கு ஒரு மூட்டை பருத்திக்கொட்டை போயிற்று.

வைகுந்தனுக்கும் மன்னர் ஒரு வேலை கொடுத்தார். அந்த மூட்டையைச் செக்கடி வரைக்கும் தோளில் சுமந்துகொண்டு போகும் வேலை.