எதிர்வீட்டுத் தூக்கம்

ஒரு ஊர்ல ஒரு பொறாமக்காரி இருந்தா.

என்ன சிரிப்பு? உன்ன மாதிரியா அத்தைன்னுதானே கேக்க வந்த? வாய மூடு, கண்ணையும் மூடு. நாளைக்குக் காலையில உன் சித்தி வந்து உன்னக் கூட்டிட்டுப் போயிருவா. அவ வீட்டுல ஏசி இருக்கு, மெத்த இருக்கு, ஃப்ரிட்ஜ் நெறைய ஐஸ்கிரீம் இருக்கு. இந்தக் கதை இருக்கா? இல்லேல்ல? அப்போ கேளு மருமகளே. மத்தியானம் சாப்புட்டா ஒரு கதை, ஒரு தூக்கம். நீ தூங்குனதும் நான் போய் மெஷின்ல ஒக்காரணும், பள்ளிக்கூடம் தொறக்கப் போறாங்க, யூனிஃபார்ம் துணி குமிஞ்சு கெடக்கு. ம் கொட்டு.

"ம்."

அந்தப் பொறாமக்காரி பேரு செங்கம்மா. சந்தைக்குப் போற தெருவுல புளியமரத்தடியில ஒக்காந்து மோர் விக்கிறவ. எதிர்வீட்டுல வடிவுன்னு ஒருத்தி. அவளும் மோர்தான் விக்கிறா, அவ வாசல்ல புங்கமரம். ரெண்டு பேருக்கும் ஒரே பால்காரர், ஒரே எருமப் பாலு. ஆனா வடிவு மோரு தேனா இருக்கும், செங்கம்மா மோரு பல்லு கூசுற புளிப்பு. குடிச்சவன்லாம் "ஸ்ஸ்ஸ்ஆ"ன்னு கண்ண இடுக்கிட்டு ஓடுவான். அக்கினி வெயில்ல ஊரே தொண்ட வறண்டு அலையுது, இவ ஈ ஓட்டிட்டு ஒக்காந்திருப்பா.

அதக்கூட பொறுத்துக்குவா. பொறுக்க முடியாதது ஒன்னு இருந்துச்சு. செங்கம்மாவுக்கு ஒரே ஒரு பொண்ணு, பவளம், உன் வயசுதான். உச்சி வெயில் வந்துச்சுன்னா போதும், அந்தப் புள்ள குடுகுடுகுடுன்னு தெருவத் தாண்டி வடிவு வீட்டுக்குள்ள ஓடிரும். சாயங்காலந்தான் வரும். "ஏம்மா அங்க போற?"ன்னு கேட்டா சிரிச்சுட்டு ஓடிரும்.

செங்கம்மாவுக்கு வயிறு எரிஞ்சுது. பின்ன எரியாதா? பெத்தவ ஒருத்தி, கொஞ்சுறவ ஒருத்தியா? "அவ மோரு இனிக்குது, அதான் எம்புள்ள அங்க ஓடுது. எம்மோரு இனிச்சா எங்கிட்டயே இருப்பா"ன்னு அவளா முடிவு பண்ணிக்கிட்டா. ம்?

"ம்."

அப்போ வடிவு என்னதான் பண்றான்னு வேலி இடுக்குல கண்ண வச்சு பாக்க ஆரம்பிச்சா. பாக்கப் பாக்கத்தான் எரிச்சல் கூடுச்சு. வடிவு கோழி கூவ எந்திரிச்சு கெணத்தடியில சளப் சளப்னு தலைக்கு ஊத்திக்கிறா. ஒக்காந்து, ஆமா ஒக்காந்து, சின்ன வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டு பழைய சோறு குடிக்கிறா. சூரியன் உச்சிக்கு வந்ததும் பானையக் கவுத்துட்டு உள்ள போய் பாய விரிச்சு கொர்ர்ர்னு தூங்குறா!

"பாரு இவள! இந்த வெயில் நாலு மாசந்தான் யாவாரமே. இவ மகாராணி மாதிரி தூங்குறா. நான் குளிக்கல, சாப்புடல, கண்ண மூடல, பொழுதன்னைக்கும் வெயில்ல கெடந்து தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன். எம்மோரு புளிக்குது, அவ மோரு இனிக்குதுன்னா அது மருந்துதான். எதுலயோ மருந்து வச்சிருக்கா."

அப்புறம் மறுநாள் உச்சி வெயில்ல, வடிவு தூங்குறப்போ, பூனையாட்டம் போயி திண்ணையில கெடந்த அவ மோர் கடையிற மத்த எடுத்துட்டு வந்துட்டா. அடுத்த நாள் அந்த மத்துலயே கடைஞ்சா. சர்ர் புர்ர், சர்ர் புர்ர். ஒரு டம்ளர் மோர ஊத்தி, "குடி சாமி, இன்னைக்கு இனிக்கும் பாரு"ன்னா. பவளம் ஒரு வாய் குடிச்சுது. "ஸ்ஸ்ஸ்ஆ!" குடுகுடுகுடு. ஓடியே போச்சு.

வடிவு மத்தக் காணோம்னதும் தெருவுல நின்னு, "எடுத்தவ கையில கொப்புளம் வர"ன்னு ஒரு பாட்டு பாடித் தீத்தா. அப்புறம் வெயில நிமிர்ந்து பாத்தா. "ஐயையோ, தூங்குற நேரமாச்சே"ன்னு போய் படுத்துட்டா. செங்கம்மாவுக்கு அந்தத் திட்டு கூட உறைக்கல, அந்தத் தூக்கந்தான் உறைச்சுது.

"அப்போ மருந்து உறைமோர்லதான் இருக்கு"ன்னு அடுத்து திண்ணையிலேருந்தே அதுல ஒரு கரண்டி மொண்டுட்டு வந்தா. ராத்திரி பால் காய்ச்சினா. ஆறவிடப் பொறுமை ஏது? தூங்காத ஒடம்புல பொறுமை எங்கேருந்து வரும்? கொதிக்கக் கொதிக்க உறைய ஊத்தி, அடுப்பு ஓரத்துலயே வச்சுட்டு எல்லாப் பாத்திரத்தையும் தேய்க்க ஒக்காந்துட்டா. மறுநாள் பவளம் குடிச்சுது. "ஸ்ஸ்ஸ்ஆ!" குடுகுடுகுடு.

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

மூணாவது நாளு செங்கம்மாவுக்கு வெறியே புடிச்சுப் போச்சு. "சட்டி! அவ தயிர்ச் சட்டி!" இந்தத் தடவ வடிவு வீட்டுப் பின்பக்கமா உள்ளயே நொழஞ்சா. தண்ணி தெளிச்ச மணல்ல ஜில்லுன்னு பதிச்சு வச்சிருந்துச்சு சட்டி. அத அப்படியே அள்ளி இடுப்புல வச்சுக்கிட்டு திரும்புனா.

திரும்புனவ அங்கயே நின்னுட்டா. பாயில வடிவு மல்லாக்கப் படுத்து கொர்ர்ர்னு தூங்குறா. பக்கத்துல பவளம். வடிவு வயித்து மேல கால தூக்கிப் போட்டுக்கிட்டு, வாய் தொறந்து, எச்சில் ஒழுகத் தூங்குது. நேத்து வரைக்கும் வயிறு எரிஞ்சுது, இப்போ நெஞ்சே எரிஞ்சுது. எம்புள்ள காலு! எம்மேல போட வேண்டிய காலு!

"ஏ பவளம், எந்திரி! அவ மோருல மயங்கி இங்கயே கெடக்குறியா?"ன்னா.

பவளம் அரைக்கண்ணத் தொறந்துச்சு. "மோருக்கா? நான் இங்க மோரே குடிக்கிறதில்லம்மா. நம்ம வீட்டுல யாரும் படுக்கறதே இல்ல. அதான் இங்க வந்து படுத்துக்கறேன்"னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு.

செங்கம்மா சட்டியோட நின்னா. கண்ணு கலங்கிருச்சு, ஆனா பொறாமக்காரி பொறாமக்காரிதானே, சும்மா போவாளா? "இவ மட்டுந்தான் எம்புள்ள பக்கத்துல படுப்பாளா? எனக்குப் படுக்கத் தெரியாதா?"ன்னு பொத்துனு விழுந்தா பாரு, பவளத்துக்கு அந்தப் பக்கம், வெறும் தரையில, சட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு! விழுந்ததுதான் தெரியும். அந்தக் கோடையிலயே மொதத் தூக்கம். கொர்ர்ர்ர்ர்! வடிவு கொறட்டைய விட ரெண்டு பங்கு சத்தமா.

அந்தச் சத்தத்துல வடிவு முழிச்சுப் பாத்தா. "அடிப்பாவி, எஞ்சட்டி!"ன்னு எழப் போனவ, அப்படியே நின்னுட்டா. பவளம் தூக்கத்துலயே பொரண்டு, காலத் தூக்கி அம்மா மேல போட்டுச்சு. கால் போனதும் வடிவு வயிறு லேசாயிருச்சு. அவளுக்கு அது புடிக்கவே இல்ல.

வெயில் தாழ செங்கம்மா கண்ணு முழிச்சா. "சட்டி திருட வந்தவளுக்கு தூக்கம் கேக்குதோ?"ன்னா வடிவு.

"உன் சட்டி யாருக்கு வேணும்? இந்தா, புடி"ன்னு குடுத்துட்டு, வீட்டுக்குப் போயி மத்தையும் கொண்டாந்து போட்டா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே.

அப்புறம் என்ன? மறுநாள்லேருந்து போட்டி. வடிவு குளிக்கறதுக்கு முன்னாடி செங்கம்மா குளிச்சாச்சு. வடிவு பழைய சோத்துல ஒக்காந்தா இவளும் தட்டோட வாசல்ல ஒக்காந்துருவா, அவ பாக்கணும்னு. வடிவு பானையக் கவுக்கறதுக்குள்ள இவ டக்குனு கவுத்துட்டு, பவளத்த உள்ள கூட்டிட்டுப் போயி பாய விரிச்சுருவா. தூங்குன ஒடம்புக்கு ராத்திரி பால் ஆறுற வரைக்கும் நிக்கப் பொறுமை வந்துச்சு. வெரல விட்டுப் பாத்து, ஆறுனப்புறம் ஒரே ஒரு சொட்டு உறை. மோரு தானா இனிச்சுது. ஆனா அத யாரு பாத்தா? அவளுக்கு மத்தியானம் எப்ப வரும்னுதான் இருந்துச்சு.

இப்போ யாருக்கு வயிறு எரிஞ்சுது சொல்லு?

"வடிவுக்கு."

கெட்டிக்காரி! பாயில தனியா படுத்தா தூக்கம் வருமா? பொரண்டு பொரண்டு பாத்தா. அப்புறம் ஒரு நாளு பாயச் சுருட்டி கக்கத்துல வச்சுக்கிட்டு, கொளுத்துற வெயில்ல தெருவத் தாண்டி செங்கம்மா வீட்டுக்கு வந்து, "தள்ளிப் படுடி"ன்னா. செங்கம்மா மொறைச்சா. மொறைச்சுக்கிட்டே தள்ளிப் படுத்தா. பவளம் நடுவுல. ஒரு கால் இங்க, ஒரு கால் அங்க.

அவ்வளவுதான். கண்ண மூடு, துணி காத்துக்கிட்டு இருக்கு.

"அத்தை, நீயும் பாய எடுத்துட்டு சித்தி வீட்டுக்கு வா."

நானா? அவ ஏசிக்கு நான் ஏன் வர்றேன்? வேணும்னா அவ பாயத் தூக்கிட்டு இங்க வரட்டும். இருக்கான்னு கேளு மொதல்ல, அவகிட்ட பாயி!

"நான் தூங்குனா நீ எந்திரிச்சுப் போயிருவ. முழிச்சா மெஷின் சத்தந்தான் கேக்குது."

சரி. போகல. நகரு. அடியே, காலத் தூக்கிப் போட்டுட்டியா? என்ன கனம் இது! இனி நான் எங்க எந்திரிக்க? இந்த யூனிஃபார்ம்லாம் யாரு தைக்கிறது?

கெடக்கட்டும். கதை படுத்துருச்சு, நீயும் தூங்கு. ஆனா ஒன்னு, சித்தி வீட்டுல போயி அவ மேல இப்படி கால கீல போட்ட, தெரியும் சேதி. கேட்டுச்சா?

தூங்கிட்டா.