சக்கரத்தைக் கண்டால் நாய் ஏன் நிற்கிறது

அந்தக் காலத்தில் நாய்க்கும் பேச்சு வரும். அதிலும் கூத்தையன் வீட்டுச் செவலை வாய் ஓயாத நாய். கண்ணில் படுவதை எல்லாம் இது என்ன, எதற்கு என்று கேட்டுத் துளைத்துவிடும். கூத்தையனோ நேர்மாறு. தெரியாது என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை. நல்ல மனிதன்தான், பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தான். கொஞ்சம் வறட்டுக் கௌரவம், அவ்வளவுதான்.

அவன் மனைவி சிலம்பாயிக்கு நிறைமாதம். தலைப்பிரசவத்துக்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாய்வீட்டுக்குப் போக வேண்டும். அவளை நடக்கவிட அவனுக்கு மனம் வரவில்லை. வீட்டில் மாடுகள் இருந்தன, வண்டி இல்லை. வண்டி வாங்க ஆசாரியிடம் போனான். செவலையும் கூடவே ஓடியது.

ஆசாரி தங்கமான ஆள். ஆனால் தொழில் பேச ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டார். வட்டை, ஆரக்கால், குடம், அச்சு என்று தட்டித் தட்டிக் காட்டி, எது எந்த மரம் என்று அடுக்கிக்கொண்டே போனார். கூத்தையனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இருந்தும் பிறந்ததிலிருந்தே வண்டி ஓட்டுகிறவன் மாதிரி தலையாட்டினான்.

"கடையாணி மட்டும் உங்க பொறுப்பு. இப்போதைக்குக் குச்சி செருகியிருக்கேன், வீடு வரைக்கும் தாங்கும்" என்றார் ஆசாரி.

சக்கரம் கழன்று போகாமல் அச்சின் நுனியில் செருகுகிற இரும்பாணிதான் கடையாணி. கேட்டிருந்தால் ஒரு நொடியில் காட்டியிருப்பார். செவலை கேட்கத்தான் வாயைத் திறந்தது. கூத்தையன் அதன் காதைத் திருகி, மானத்தை வாங்காதே என்று பல்லைக் கடித்தான். கடையாணி என்பது ஏதோ அலங்காரச் சாமான் என்று தானாக முடிவுகட்டி, அதற்கும் தலையாட்டிவிட்டு வண்டியை ஓட்டி வந்தான்.

மறுநாள் சிலம்பாயியை வைக்கோல் மெத்தையில் உட்காரவைத்துப் புறப்பட்டார்கள். செவலைக்கு மனசே ஆறவில்லை. வண்டிக்கடியில் நடந்தபடி சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தது. மலை உச்சி தாண்டி இறக்கம் தொடங்கும் இடத்தில், ஒரு சக்கரம் அச்சில் வெளிப்பக்கமாக நகர்ந்து நகர்ந்து போவது அதற்குத் தெரிந்தது. குச்சியைக் காணோம். வண்டியை நிறுத்தச் சொன்னது. சக்கரம் என்றால் ஆடத்தான் செய்யும், நீ வா என்றான் கூத்தையன்.

செவலை ஓடிப்போய் மாடுகளின் காலடியில் குறுக்கே படுத்துவிட்டது. மாடுகள் மிரண்டு நின்றன. கூத்தையன் தார்க்குச்சியை ஓங்கினான்.

"அடிக்காதீங்க. அது சும்மா இப்படிப் படுக்காது. முதல்ல என்னை இறக்கிவிடுங்க" என்றாள் சிலம்பாயி.

முனகிக்கொண்டே இறக்கிவிட்டான். செவலை எழுந்து விலகியதும் மாடுகள் ஓரடி எடுத்து வைத்தன. அவ்வளவுதான். சக்கரம் கழன்று, சரிவில் உருண்டு, பாறையில் மோதி விழுந்தது. வண்டியில் அவள் உட்கார்ந்திருந்த பக்கம் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்தது. வைக்கோலெல்லாம் கீழே கொட்டியது.

கூத்தையன் தார்க்குச்சியைத் தூக்கி எறிந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "கடையாணின்னா என்னன்னு எனக்குத் தெரியாது, சிலம்பாயி. கேட்க வெட்கமா இருந்துச்சு."

"கேட்டிருந்தா மீசை உதிர்ந்தா போயிருக்கும்?" என்றவள், அவன் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

செவலை நிற்கவில்லை. ஆசாரியிடம் ஓடி, வெட்கப்படாமல் கேட்டுத் தெரிந்துகொண்டு, கொல்லன் பட்டறையிலிருந்து கடையாணிகளை வாயில் கவ்விக்கொண்டு வந்தது. சக்கரத்தை மாட்டியபின் சிலம்பாயி அதன் தலையைத் தடவி, "இனிமே எந்த வண்டி கிளம்பினாலும் நீ சக்கரத்தைப் பார்த்துச் சொன்னாத்தான் நான் ஏறுவேன்" என்றாள். எல்லாச் சக்கரமும் ஒரே மாதிரி இருக்கிறதே, பார்த்தது எது பாராதது எது என்று எப்படித் தெரியும் என்று கவலைப்பட்டது செவலை. பார்த்ததற்கு அடையாளம் வைக்க உனக்கா வழி தெரியாது என்று அவள் சிரித்தாள். செவலைக்குப் புரிந்துவிட்டது.

அன்று முதல்தான் நாய்கள் எந்தச் சக்கரத்தைக் கண்டாலும் நின்று, மோந்து பார்த்து, காலைத் தூக்கிவிட்டுப் போகின்றன. பேச்சு போய்விட்டாலும் அந்தப் பொறுப்பை இன்னும் விடவில்லை. மாலை போட்டு நிற்கும் உங்கள் புதுக் காரிடம் ஒரு நாய் வந்தால் விரட்டாதீர்கள். விற்றவர் சொன்னதற்கெல்லாம் நீங்களும் தலையாட்டிவிட்டுத்தான் வந்திருப்பீர்கள் என்று அதற்குத் தெரியும்.