வெளியே வராத ஊசி

தூத்துக்குடியில் டாட்டூ குத்தும் பிலோமினாவின் கடைக்குள் கட்டட உரிமையாளர் கோமதிநாயகம் அண்ணாச்சி ஆள்படையோடு நுழைந்தபோது, அவள் தன் பழைய ரோட்டரி மெஷினைப் உறைக்குள்ளிருந்து நீளும் புது கார்ட்ரிட்ஜ் ஊசிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டிருந்தாள். புதுப் பிடியும் ஊசியைத் தள்ளும் கம்பியும் பொருத்தியாயிற்று. பிடியைத் திருகி, ஊசி எவ்வளவு வெளியே நீள வேண்டும் என்று வைப்பதுதான் பாக்கி.

“ஏட்டி, புஜத்துல சிங்கம் குத்து,” என்று கனைத்தார் அண்ணாச்சி. “வலின்னா என்னன்னே எனக்குத் தெரியாது. ஆனா வலிக்கிற மாதிரி குத்துனா, நாளைக்கே கடையைக் காலி பண்ணிரணும்.”

“ஆமா, பண்ணிரணும்!” என்று பின்பாட்டுப் பாடினார்கள் கூட வந்தவர்கள்.

பிலோமினா கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்தாள். பிறகு பிடியைக் கடைசிவரை திருகி, சுவிட்சைப் போட்டாள். டுர்ர்ர்! முனை புஜத்தைத் தொட்டதோ இல்லையோ, “ஐயோ, எம்மா!” என்று துள்ளினார் அண்ணாச்சி. “வலிக்கி! கடையைக் காலி பண்ணுட்டி!”

அவள் மெஷினை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள். “ஊசி இன்னும் உள்ளதான இருக்கு அண்ணாச்சி? கையில ஒரு புள்ளி விழுந்திருக்கான்னு பாருங்க. வெளிய வராத ஊசி வலிச்சதுக்கு நான் எப்படிக் காலி பண்ண?”

கூட வந்தவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள்.

அண்ணாச்சி புஜத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. பிறகு ஆட்களை டீ குடிக்க அனுப்பினார்.

“கடை இங்கயே இருக்கட்டும்மா. இப்ப ஊசியை வெளிய விடு,” என்றார் மெல்லிய குரலில். “நான் கத்துனா தெருவுக்குக் கேக்குமோ?”

“தாராளமாக் கத்துங்க அண்ணாச்சி. நான் மெஷின் சத்தத்தைக் கூட்டி வைக்கேன்.”