இருவாச்சி கட்டிய சுவர்

எல்லா உயிர்களும் பேசக் கற்றுக்கொண்டு, கேட்கக் கற்றுக்கொள்ளாத ஒரு காலம். அப்போது ஒரு மலைக்காட்டில் செங்கண்ணன், வெண்விழி என்று ஓர் இருவாச்சிப் பறவை ஜோடி இருந்தது.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே அதன் சிறகுகள் உதிர்ந்துவிடும். அவை திரும்ப முளைக்கும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்டும்.

அந்த வருஷமும் வெண்விழி உள்ளேதான் இருந்தாள். குஞ்சும் பொரிந்திருந்தது. அந்த நேரம் பார்த்துச் செங்கண்ணன் வந்து, "இனி உனக்கும் எனக்கும் ஒத்துவராது! பொந்தைக் காலி பண்ணு!" என்றான்.

"பிரிவதென்றால் பிரியலாம். ஆனால் இறகில்லாமல் எங்கே போவேன்? கீழே விழுந்தால் நானும் செத்தேன், குஞ்சும் செத்தது!"

"அது உன் பாடு!"

வழக்கு, காட்டுக்குத் தீர்ப்புச் சொல்லும் கரடியாரிடம் போனது. வெண்விழியால் வெளியே வர முடியாதே! அதனால் கரடியாரே மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார். காடே கூடிவிட்டது. கூட்டத்துக்குப் பின்னால் ஓர் உடும்பு, நாக்கை நீட்டி நீட்டிப் பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லப்பா, என்ன கேட்கிறாய்?" என்றார் கரடியார்.

"பொந்தைக் கண்டுபிடித்தது நான், ஐயா! பழம் சுமந்தது நான்! கீழே நிற்கிற காட்டு ஜாதிக்காய் மரங்கள்கூட நான் கொண்டுவந்த பழத்தின் கொட்டையில் முளைத்தவை. எல்லாம் எனக்கு!"

கீறல் வழியாக வெண்விழியின் குரல் வந்தது. "சதையைப் பிரித்துக் குஞ்சுக்குக் கொடுத்து, கொட்டையைக் கீழே துப்பியது யாராம்?"

குரங்குகள் கைகொட்டிச் சிரித்தன. செங்கண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இத்தனை வருஷமும் உள்ளே சும்மா உட்கார்ந்து தின்றாள், ஐயா! அவள் பங்கென்று உள்ளே என்ன இருக்கிறது? எல்லோரும் பார்க்கட்டும்! டேய் மரங்கொத்தி, அந்தச் சுவரை உடைடா!"

"நிறுத்து!" என்று கரடியார் கத்தி முடிப்பதற்குள் மரங்கொத்தி நாலு கொத்துக் கொத்திவிட்டான். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. வாசல் பிளந்தது. உள்ளே குஞ்சு வீறிட்டது.

மரத்தின் மறுபக்கத்தில் சரசரவென்று ஒரு சத்தம். உடும்பு! கூட்டம் அண்ணாந்து பார்ப்பதற்குள் அது பாதி மரம் ஏறிவிட்டது. மரங்கொத்தி பறந்தே போனான். கரடியார் பாய்ந்து ஏறினார், எட்டவில்லை. செங்கண்ணன் அலகைத் திறந்தபடி கிளையிலேயே உறைந்து நின்றான்.

உடும்பின் தலை பொந்துக்குள் நுழைந்தது.

அடுத்த கணம், இறகில்லாத வெண்விழி உள்ளிருந்து பாய்ந்து, அதன் மூக்கில் அலகால் ஓங்கி ஒரு குத்து விட்டாள்! இன்னொரு குத்து! உடும்பு பிடி நழுவி, தொப்பென்று தரையில் விழுந்து, புதருக்குள் ஓடி மறைந்தது.

மேலே 'சப், சப்' என்று ஒரு சத்தம் கேட்டது. பொந்துக்குள் உதிர்ந்து கிடந்த மண்ணைப் பழச்சாற்றில் குழைத்து, வெண்விழி மறுபடியும் சுவர் பூச ஆரம்பித்திருந்தாள்.

கரடியார் கீழே இறங்கினார். மூச்சு வாங்கியது.

"செங்கண்ணா, நீ சுமந்தாய். இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அந்தச் சுவர் ஒரு நாள் இல்லாமல் போயிருந்தாலும், நீ சுமந்த அத்தனை பழமும் உடும்பின் வயிற்றுக்குத்தான் போயிருக்கும்! ஜாதிக்காய் மரங்களில் பாதி உனக்கு, பாதி அவளுக்கு. பொந்து அவளுக்கும் குஞ்சுக்கும். நீ வேறு பொந்து பார்த்துக்கொள்."

"அப்புறம் நான் எதற்குப் பழம் சுமக்கணும்?"

"மனைவியை விட்டுப் பிரியலாமப்பா, பிள்ளையை விட்டுப் பிரிய முடியாது! அதற்கு இறகு முளைத்துப் பறக்கிறவரை நீதான் சுமக்க வேண்டும். போ, பசியில் கத்துகிறது பார்!"

செங்கண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பழம் தேடிப் பறந்தான். கூட்டம் கலைந்தது. சுவர் பழையபடி மூடுகிறவரை உட்கார்ந்திருந்த கரடியாரும், கடைசியில் உடம்பை உதறிக்கொண்டு எழுந்து நடந்தார்.

வெளியே அலைந்து சேர்த்தவருக்கு எவ்வளவு உரிமையோ, உள்ளே இருந்து காத்தவருக்கும் அவ்வளவு உரிமை உண்டு.